சுவடியின் சொந்த வரலாறு

நுழையும்முன்

வரலாற்றைச் சொல்லும் சுவடிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை யார் கேட்டார், யார் எழுதினார், எந்தக் கைகளின் வழியே அது பயணம் செய்தது, அதில் எது அழிந்தது, எது படியெடுக்கப்பட்டது என்பவற்றை அறிந்தால்தான் அது கூறும் செய்தியின் முழுப் பொருளும் விளங்கும். திண்டுக்கல் சமவெளியின் பாளையப்பட்டுகள் விட்டுச்சென்ற வம்சாவளிச் சுவடிகள் இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கின்றன.

மலையும் சமவெளியும்

திண்டுக்கல் நகரின் மேற்கே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலை, சமவெளியில் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது. தெற்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர். இவற்றுக்கு இடையே மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்குச் செல்லும் வழியை இப்பாறை காவல் காப்பதுபோல் நிற்கிறது. ஆதலால் இதனைக் கைக்கொண்டவரே சீமையை ஆண்டனர். 1605ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் இதன்மேல் கோட்டை எழுப்பினார். 1755இல் மைசூர் அரசின் சார்பில் ஐதர் அலி இங்கு வந்து சீமையைத் தம் ஆளுகைக்குள் கொணர்ந்தார். 1783இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டே, மங்களூர் உடன்படிக்கையின்படி அது மைசூருக்குத் திரும்பியது. 1790இல் கும்பினி மீண்டும் அதைப் பிடித்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமை முழுவதும் கும்பினிக்கு உரியதாயிற்று.

ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் இத்தனை ஆட்சி மாற்றங்கள். சமவெளியில் ஏர் உழுதவருக்கு வரி கேட்கும் குரல் மாறியது. ஆனால், அந்தச் சமவெளியைப் பகுதி பகுதியாக ஆண்டுவந்த பாளையக்காரர்களுக்கோ அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. புதிதாக வந்த ஒவ்வொரு ஆட்சியும், “நீவிர் யார்? எந்த உரிமையால் இந்த நிலத்தை ஆள்கிறீர்?” என்று வினவியது. அந்த வினாவுக்கு எழுத்தில் அமைந்த விடைதான் வம்சாவளி.

பாளையப்பட்டும் வம்சாவளியும்

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாதரும் அவருடைய தளவாய் அரியநாதரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்தனர் என்பது மரபு. பாளையக்காரர் தம் எல்லைக்குள் காவல் காப்பார். வரி திரட்டி ஒரு பங்கை அரசுக்குச் செலுத்துவார். போர் மூண்டால் படையுடன் வந்து நிற்பார். கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி, இடையக்கோட்டை, அம்மையநாயக்கனூர் முதலிய பாளையங்கள் திண்டுக்கல் சீமையில் இருந்தன. பேருந்துகளின் முகப்பிலும் ஊர்ப் பலகைகளிலும் இன்று காணப்படும் இப்பெயர்கள் ஒருகாலத்தில் படையும் கொடியும் உடைய குறுநிலங்களின் பெயர்கள் ஆகும்.

வம்சாவளி என்பது இக்குடும்பங்களின் வழிமுறை வரலாறு. அதன் அமைப்பு பெரும்பாலும் ஒரே போக்கினது. தொடக்கத்தில் முன்னோர் வடக்கேயிருந்து புறப்பட்ட கதை வரும். பகைவர்க்கு அஞ்சி இரவோடு இரவாக நடந்தவர்கள் வெள்ளம் பெருகிய ஆற்றங்கரையில் திகைத்து நிற்க, கரையிலிருந்த மரம் வளைந்து பாலமாகி அவர்களைக் கடத்திவிட்டது என்பது கம்பளத்தார் மரபில் வழங்கும் கதை. அடுத்து, முதல் தலைவர் ஏதேனும் அருஞ்செயல் புரிவார். புலியைக் கொல்வார், கள்வரை அடக்குவார், அல்லது போரில் மன்னரைக் காப்பார். மகிழ்ந்த மன்னர் பட்டமும் விருதும் நிலமும் அளிப்பார். அதன்பின் தந்தை, மகன், பேரன் எனப் பட்டத்துக்கு வந்தோர் பெயர்களும் ஆண்ட ஆண்டுகளும் வரிசையாகத் தொடரும். இறுதியில் கும்பினியாரின் காலம் வந்து நிற்கும்.

இச்சுவடிகளின் மொழியும் கூர்ந்து நோக்கத்தக்கது. பாளையங்கள் பலவற்றின் தலைமைக் குடும்பங்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவை. ஆயினும், தம் வரலாற்றைத் தாம் வாழ்ந்த மண்ணின் மொழியாகிய தமிழில் அவை எழுதிவைத்தன. அத்தமிழிலே வடசொற்கள் கலந்தன. பாரசீகத்தின் வழியே வந்த ‘சர்க்கார்’, ‘பேஷ்குஷ்’ போன்ற ஆட்சிச் சொற்களும் கலந்தன. ஊர் வரலாறுகளைக் குறிக்க வழங்கிய ‘கைபீது’ என்னும் சொல்லும் அவ்வாறு வந்ததே. யார் யார் ஆண்டனர் என்பதை அந்த நடையே சொல்லிவிடுகிறது.

ஏணி வரலாறு

ஆட்சியும் மொழியும் மாறிய நிலத்தில் உள்ளூர்த் தலைவர்கள் வரலாற்றை எழுதிவைப்பது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டுப் பிரபுக்களின் மொழியாகப் பிரெஞ்சு அமைந்தது. இங்கிலாந்தில் வழங்கிய அப்பிரெஞ்சு ஆங்கிலோ-நார்மன் எனப்படுகிறது. மூன்று நூற்றாண்டுகள்வரை கதைகளும் சட்டங்களும் வரலாறுகளும் அம்மொழியில் எழுதப்பட்டன.

இங்கிலாந்தின் வட எல்லையைக் காத்த குறுநிலத் தலைவர்களுள் ஒருவர் சர் தாமஸ் கிரே. 1355இல் ஸ்காட்லாந்தியர் அவரைச் சிறைப்பிடித்து எடின்பரோ கோட்டையில் அடைத்தனர். அங்கிருந்த வரலாற்று நூல்களைப் படித்த அவர், சிறையிலேயே தாமும் ஒரு வரலாறு எழுதத் தொடங்கினார். ‘ஸ்காலக்ரோனிகா’ என்னும் அந்நூலின் பெயருக்கு ‘ஏணி வரலாறு’ என்று பொருள். ஏணி, கிரே குடும்பத்தின் சின்னம். உலகத் தோற்றத்தின் பழங்கதைகளில் தொடங்கும் அந்நூல், ஆசிரியரும் அவருடைய தந்தையும் எல்லைப் போர்களில் கண்டவற்றை எட்டும்போது நேரில் கண்டவரின் சாட்சியமாக மாறுகிறது.

அந்நூலுக்கு இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பழஞ்சுவடி. அது கேம்பிரிட்ஜ் நகரின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் உள்ளது. அதிலும் சில ஏடுகள் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஜான் லேலண்ட் என்னும் அறிஞர் அந்நூலைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி வைத்திருந்தார். காணாமற்போன பகுதியில் என்ன இருந்தது என்பது அச்சுருக்கத்தின் வாயிலாகவே தெரியவருகிறது. 1836இல்தான் அந்நூல் அச்சேறியது.

புராணக் கதையில் தொடங்கிக் குடும்பத்தின் நினைவில் முடியும் நடை, ஆட்சி மாற்றத்தால் கலந்த மொழி, தேய்ந்த ஏடுகள், காலத்தே படித்துக் குறிப்பெடுத்த ஒருவரால் பிழைத்த செய்திகள் ஆகிய இவை யாவும் திண்டுக்கல் சீமையின் சுவடிகளுக்கும் பொருந்துகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. தாமஸ் கிரே தம் விருப்பத்தால் எழுதினார். பாளையப்பட்டு வம்சாவளிகளோ பெரும்பாலும் ஆள்வோர் கேட்டதன்பேரில் எழுதிக் கொடுக்கப்பட்டவை.

சுவடி திரட்டியவர்கள்

கேட்டவர்களுள் முதன்மையானவர் கர்னல் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில் பிறந்த அவர், 1783இல் சென்னைக்கு வந்தார். வந்த ஆண்டிலேயே கோயம்புத்தூர், திண்டுக்கல் சீமைகளில் பணியாற்றினார். தமிழ்நிலத்தின் உட்பகுதியை அவர் முதலில் கண்ட இடங்களுள் இச்சமவெளியும் ஒன்று. பின்னர் மைசூர் நாட்டை அளந்து வரைபடம் அமைத்தார்; 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராகப் பொறுப்பேற்றார்.

நிலத்தை அளப்பவருக்கு ஊரின் எல்லை தெரிந்தால் போதும். மெக்கன்சியோ அந்த எல்லை எப்போது, யாரால், எதற்காக வகுக்கப்பட்டது என்பதையும் அறிய விரும்பினார். அவருக்கு இந்நாட்டு மொழிகளில் புலமை இல்லை. எனவே, அவருடைய கண்ணும் செவியுமாக இருந்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவருடைய தம்பி இலட்சுமய்யா முதலிய இந்திய உதவியாளர்களே. அவர்கள் ஊர்தோறும் சென்று கோவில் அருச்சகர்களையும் கணக்கர்களையும் பாளையக்காரர் குடும்பத்தாரையும் கண்டு பேசினர். ஓலைகளைக் கேட்டு வாங்கினர். தர மறுத்தவரிடம் படியெடுக்க இசைவு பெற்றனர். கல்வெட்டுகளைப் பார்த்து எழுதினர். புதிய வரி விதிப்பதற்கே இவ்விசாரணை என்று அஞ்சி வாய்திறவாதவர்களும் இருந்தனர். அந்த அச்சத்தைப் பொறுமையால் வென்று திரட்டியவையே இன்று எஞ்சியிருக்கும் செல்வம்.

1816இல் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் மெக்கன்சியை வரைந்தார். செந்நிறப் படையுடையில் நிற்கும் அவருடன் இந்திய உதவியாளர் மூவரும் அவ்வோவியத்தில் இடம்பெற்றுள்ளனர். அக்காலத்து ஆங்கிலேய அதிகாரிகளின் ஓவியங்களில் இந்தியர் பணியாளராகவே தோன்றுவது வழக்கம். இங்கோ அவர்கள் அறிவுப் பணியின் பங்காளிகளாக நிற்கின்றனர்.

பூச்சி அரித்ததும் படியெடுத்ததும்

1821ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவுக்கு அருகே மெக்கன்சி காலமானார். அவருடைய மனைவியிடமிருந்து தொகுப்பு முழுவதையும் அரசு விலைக்கு வாங்கியது. எச்.எச். வில்சன் 1828இல் வெளியிட்ட பட்டியலின்படி, அதில் 1,568 இலக்கியச் சுவடிகளும் 2,070 உள்ளூர் வரலாற்று ஏடுகளும் 8,076 கல்வெட்டுப் படிகளும் இருந்தன. பாளையப்பட்டு வம்சாவளிகள் அந்த உள்ளூர் ஏடுகளைச் சேர்ந்தவை. தொகுப்பின் ஒரு பகுதி கடல் கடந்து இலண்டனுக்குச் சென்றது. தென்மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னைக்குத் திரும்பியது.

திரும்பிய சுவடிகளை யார் ஆராய்வது என்னும் வினா எழுந்தது. அவற்றைத் திரட்டிய இலட்சுமய்யாவே அப்பணியைத் தொடர விரும்பினார். எந்தச் சுவடி எந்த ஊரில், யாரிடம் பெறப்பட்டது என்பதை அவரைவிட அறிந்தவர் இருந்திருக்க முடியாது. ஆயினும், இத்தகைய சான்றுகளை எடைபோட்டு முடிவு காணும் பயிற்சி அவருக்கு இல்லை என்று கல்கத்தா ஆசியக் கழகத்தின் குழு கருதியதால், அவருடைய வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அறிவைத் திரட்ட உதவிய கை, அதை விளக்கும் உரிமையைப் பெறவில்லை. சுவடிகளின் வரலாற்றில் இதுவும் ஓர் ஏடு.

அப்பணி வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் சென்றது. மதுரை நாட்டு வரலாற்றைக் கூறும் தமிழ்ச் சுவடிகளை 1835இலேயே மூலத்துடனும் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் இரு தொகுதிகளாக அச்சிட்டவர் அவர். ‘ஏணி வரலாறு’ அச்சேறியதற்கு ஓராண்டு முன்னர் அது நிகழ்ந்தது. மெக்கன்சியின் தொகுப்பைத் திறந்தபோது, பல ஏடுகள் பூச்சியால் அரிக்கப்பட்டும் மை மங்கியும் கிடப்பதை அவர் கண்டார். மிகவும் நைந்தவற்றைப் புதிய தாள்களில் படியெடுக்கச் செய்தார். இன்று படிக்கக் கிடைக்கும் செய்திகளுள் பல, அந்தப் படிகளால் பிழைத்தவை. லேலண்டின் சுருக்கம் இங்கிலாந்தில் செய்த உதவியை இப்படிகள் இங்கே செய்தன.

1868இல் ஜே.எச். நெல்சன் மதுரை மாவட்டத்தின் வரலாற்றை எழுதியபோது இத்தகைய சுவடிகளைப் பயன்படுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டில் சென்னையில் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இத்தொகுப்பின் இருப்பிடமாக அமைந்தது. 1972இல் சென்னைப் பல்கலைக்கழகம், பேராசிரியர் டி.வி. மகாலிங்கம் உருவாக்கிய சுருக்கங்களை நூலாக வெளியிட்டது. கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் ‘பாளையப்பட்டுக்களின் வம்சாவளி’ என்னும் பெயரில் மூலங்களையே அச்சிட்டது. திண்டுக்கல் சமவெளியில் சொல்லப்பட்ட கதைகள் கல்கத்தாவரை சென்று, மீண்டும் தமிழ் வாசகரின் கைக்கு வந்து சேர்ந்தன.

எழுத்தின் எல்லை

இச்சுவடிகளை வாசிக்கும்போது மறக்கக் கூடாத பெயர் ஒன்று உண்டு. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர், சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர். கும்பினியை எதிர்த்துத் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டியவர். 1801இல் அவர் பிடிபட்டார், தூக்கிலிடப்பட்டார். அவரைத் தூக்கிலிட்ட அதே ஆட்சியின் அதிகாரிதான், அடுத்து வந்த ஆண்டுகளில் எஞ்சியிருந்த பாளையக்காரர் குடும்பங்களிடம் வம்சாவளி கேட்டார்.

இச்சூழலில் எழுதுகோலை எடுத்தவரின் மனநிலையை எண்ணிப் பார்க்கலாம். எழுதப்படுவது ஆள்வோரின் கைக்குச் செல்லும். பாளையம் நிலைப்பதும் பறிபோவதும் அவர்களுடைய எண்ணத்தைப் பொறுத்தவை. கிளர்ச்சியில் பங்குகொண்டதைப் பெருமையாகச் சொல்ல இயலுமா? முன்னோர் பெற்ற பட்டங்களை விரித்துரைப்பதும், வரி தவறாமல் செலுத்தியதை வலியுறுத்துவதும் பாதுகாப்பானவை. ஆகவே, வம்சாவளி சொல்லும் செய்திகளுக்கு நிகராக, அது சொல்லாமல் விடும் செய்திகளும் சான்றுகளே. சொல்லாமல் விட்டதை வேறு வழிகளில் தேடவேண்டும். ஊராரின் நினைவு, கதைப்பாடல், நடுகல், கும்பினியின் கடிதப் போக்குவரத்து ஆகியவை அவ்வழிகளுள் சில. கோபால் நாயக்கரின் பெயர் அச்சத்தைக் கடந்து மக்கள் நினைவில் நின்றது. இன்று விருப்பாட்சியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.

சுவடியைப் படிக்கும் முறை

மரம் வளைந்து பாலமானது என்று எழுதியிருப்பதால் வம்சாவளி முழுவதையும் கட்டுக்கதை என்று தள்ளுவது பிழை. அதில் எழுதிய யாவும் நடந்தவை என்று கொள்வதும் பிழை. வளைந்த மரம் வரலாற்று நிகழ்ச்சியன்று. ஆனால், ஒரு மக்கட்கூட்டம் தன் நிலத்தை விட்டுப் பெயர்ந்ததன் நினைவும், புதிய மண் தன்னை ஏற்றுக்கொண்டது என்னும் நம்பிக்கையும் அக்கதையில் உறைந்துள்ளன. கதையைக் கதையாகவும், பட்டியலைப் பட்டியலாகவும், வேண்டுகோளை வேண்டுகோளாகவும் பிரித்து அறிவதே ஆய்வின் முதற்படி.

காலத்தைக் கணிப்பதிலும் விழிப்பு வேண்டும். பழஞ்சுவடிகளில் ஆண்டுகள் பெரும்பாலும் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர்களால் குறிக்கப்படுகின்றன. ‘ருத்ரோத்காரி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1743இல் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். 1803இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். முன்னது நாயக்கர் ஆட்சி மறைந்தபின் வந்த குழப்பக் காலம். பின்னது கும்பினியின் ஆட்சிக்காலம். ஒரு சுழற்சி தவறினால் ஒருவர் செய்த செயல் அவருடைய பாட்டனார்மேல் ஏறிவிடும். எனவே, கல்வெட்டு, செப்பேடு, அயலார் குறிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே ஆண்டினை உறுதி செய்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இது யாருடைய வரலாறு என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். வம்சாவளியில் தலைவர்களின் பெயர்கள் உள்ளன. அவர்களுடைய படையில் வேல் ஏந்தியவர்களின் பெயர்கள் அரிது. கோட்டைக்குக் கல் சுமந்தவர், குளத்துக்குக் கரை எடுத்தவர், பட்டத்துக்கு வந்தவர்களைப் பெற்று வளர்த்த தாயர் ஆகியோர் அதன் வரிகளுக்கு வெளியே நிற்கின்றனர். தாமஸ் கிரேயின் ஏணியிலும் ஏறி நிற்பவர்கள் வேந்தரும் வீரருமே. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர்களைத் தேடுவது, படிப்பவரின் கடமை ஆகிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்கள் ஒழிந்தன. நிலத்துக்கு உரிமை காட்ட வம்சாவளி தேவைப்பட்ட காலம் அத்துடன் முடிந்தது. வழக்குக்கு உதவாத பழந்தாள் என்று கருதி ஒதுக்கும்போதுதான் சுவடிக்கு உண்மையான ஆபத்து தொடங்குகிறது. பரணில் கிடக்கும் ஓலைக்கட்டு, பெட்டிக்கு அடியில் மடிந்திருக்கும் பத்திரம், தாத்தாவின் கையெழுத்தில் அமைந்த கணக்குப் புத்தகம் ஆகியவை பாளையக்காரர் வீட்டில் மட்டும் இருப்பவையல்ல. அவற்றைப் பழையனவற்றோடு எரிக்காமல் எடுத்து, தூசி தட்டி, யாருடையது, எங்கிருந்து கிடைத்தது என்னும் குறிப்பை உடன் எழுதிவைத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுவது எந்த மாணவராலும் இயலும். போரய்யாவும் இலட்சுமய்யாவும் செய்த பணி அத்தகையதே. அவர்கள் ஊர் ஊராக நடந்து சென்று கேட்டனர். இன்றைய மாணவர் தம் வீட்டுப் பெரியவரிடமிருந்தே கேட்கத் தொடங்கலாம்.